எட்டுப் பவுண்டு தாத்தா

உங்கள் தாத்தா ரயில்வே உத்தியோகஸ்தர் என்றால் அவருடைய சரித்திரத்தை எழுதுவது சுலபம். சர்வீஸ் புக் போதும். விழுப்புரத்தில் எத்தனை வருஷம், எப்போது இன்க்ரிமென்ட், எதற்காக மெமோ, எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். பென்ஷன் காகிதங்கள் பாட்டியின் டிரங்குப் பெட்டியில், பட்டுப்புடைவைக்கு அடியில் பத்திரமாக இருக்கும்.

கொஞ்ச நேரம் வேறொரு தாத்தாவுக்குப் பேரனாக இருந்து பாருங்கள்.

நீங்கள் பிறந்தது இங்கிலாந்தின் வடக்கே, லங்காஷயரில், பஞ்சாலைப் புகைபோக்கிகள் நிறைந்த ஓர் ஊரில். அப்பா காலமான பிறகு வீட்டை ஒழிக்கிறீர்கள். பழைய பிஸ்கட் டின்னுக்குள் ஒரு போட்டோ. பதினோரு பேர். சிலர் நிற்கிறார்கள், சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு, ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி முறைக்கிறார்கள். முழங்கால் வரை தொளதொள டிராயர். நடுவில் ஒரு தோல் பந்து. பின்வரிசையில் மூன்றாவதாக நிற்பவருக்கு அப்படியே உங்கள் மூக்கு.

‘உங்க தாத்தா ஃபுட்பால் ஆடினவர்டா’ என்று அப்பா எப்போதோ சொன்னது ஞாபகம் வருகிறது.

ஆடினவர் என்றால் எப்படி? லீவு நாளில் பொழுது போகாமல் ஆடியதா? இல்லை. வாராவாரம் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடியது. அதுதான் அவருக்கு உத்தியோகம். புரொஃபஷனல்.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் இங்கிலாந்தில் இப்படிப் பிழைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்களைத் தேடிக்கொண்டிருக்கும் பேரன் பேத்திகளும் உண்டு. தேடினால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதுதான் இந்த வாரக் கதை.

முதலில் தாத்தாவின் உத்தியோகத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

1885 வரை காசு வாங்கிக்கொண்டு பந்து ஆடுவது விதிப்படி தப்பு. கனவான்கள் ஆடும் ஆட்டத்துக்குக் கூலியா, சேச்சே! ஆனால் வடக்கே ஆலை ஊர்களில் சத்தமில்லாமல் எல்லாம் நடந்தது. பூட்ஸுக்குள் காசு போட்டு வைத்துவிடுவார்கள். அல்லது ஆலையில் பெயருக்கு ஒரு வேலை. வேறு வழியில்லாமல் 1885 ஜூலையில் கால்பந்துச் சங்கம் இறங்கி வந்தது. சரி, சம்பளம் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று வருஷத்தில், 1888ல், 12 கிளப்புகள் சேர்ந்து ‘ஃபுட்பால் லீக்’ ஆரம்பித்தன. பன்னிரண்டில் ஒன்றுகூட லண்டன் கிளப் இல்லை. எல்லாம் லங்காஷயரும் மத்திய இங்கிலாந்தும்தான்.

சம்பளம் என்று வந்ததுமே முதலாளிகளுக்குக் கவலை வந்துவிட்டது. இவன் எவ்வளவு கேட்பான்? 1901ல் ஓர் உச்சவரம்பு வைத்தார்கள். வாரம் 4 பவுண்டு. அதற்கு மேல் ஒரு கிளப்பும் கொடுக்கக் கூடாது. முதல் உலகப் போருக்குப் பிறகு 9 வரைக்கும் போய், 1922ல் 8க்கு இறங்கியது. சீசனில் 8, மேட்ச் இல்லாத கோடையில் 6. ஜெயித்தால் 2 பவுண்டு போனஸ், டிரா ஆனால் 1. அடுத்த போர் வரும்வரை, பதினேழு வருஷம், இதுதான்.

பாவம் என்று உடனே உச்சுக்கொட்ட வேண்டாம். 1930களில் ஆலைத் தொழிலாளிக்கு வாரம் மூன்று பவுண்டு சொச்சம். எட்டு என்பது ராஜ வாழ்க்கை. ஆனால் எட்டு எல்லோருக்கும் கிடைத்ததில்லை. அது உச்சவரம்பு, அவ்வளவுதான். கீழ் டிவிஷன் கிளப்புகளில் நாலுக்கும் ஐந்துக்கும் ஆடியவர்கள் ஏராளம். உங்கள் தாத்தா எந்த ரகம் என்று தெரிய வேண்டுமானால் சம்பளப் பேரேட்டைப் பார்க்க வேண்டும்.

நான் படித்தது பி.காம். பேரேடு என்றால் எனக்கு அலர்ஜி. பாஸ் பண்ணியதே பெரிய விஷயம். ஆனால் இந்தக் கால்பந்துக் கணக்கைப் பற்றிப் படிக்கும்போது மட்டும் சுவாரசியம் தட்டுகிறது. காரணம், இதில் ஆள் வருகிறார், போகிறார், சரக்கு மாதிரி.

அது எப்படி?

ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்குத்தான். மே மாதம் சீசன் முடிந்ததும் ஒவ்வொரு கிளப்பும் ஒரு பட்டியல் போடும். இவர்களை வைத்துக்கொள்கிறோம், இவர்களை விற்கிறோம், இவர்கள் போகலாம். ‘வைத்துக்கொள்கிறோம்’ என்று எழுதிவிட்டால் தாத்தா வேறெந்த லீக் கிளப்புக்கும் ஆட முடியாது. ஒப்பந்தம் முடிந்திருந்தாலும்! ‘விற்கிறோம்’ என்றால் இன்னும் மோசம். கிளப் ஒரு விலை சொல்லும். அந்த விலைக்கு வாங்க ஆள் வரும்வரை இவர் அந்தரத்தில் தொங்க வேண்டும். சம்பளம்? அது எதற்கு?

விலை மட்டும் எகிறிக்கொண்டே போயிற்று. 1905ல் ஆல்ஃப் காமன் என்பவரை மிடில்ஸ்பரோ 1,000 பவுண்டுக்கு வாங்கியபோது ஊரே வாயைப் பிளந்தது. 1928ல் போல்ட்டன் கிளப்பிலிருந்து டேவிட் ஜேக்கை ஆர்சனல் வாங்கியது பத்தாயிரத்துக்கு மேல். 1938ல் பிரின் ஜோன்ஸ் 14,000. இந்தப் பதினாலாயிரம் போனது ஒரு கிளப்பிலிருந்து இன்னொரு கிளப்புக்கு. ஆளுக்குச் சேர வேண்டியது புதுக் கிளப்பில் கையெழுத்துப் போடுவதற்கான 10 பவுண்டு. அப்புறம் அதே எட்டு.

எதிர்த்து ஒருத்தரும் கேட்கவில்லையா? கேட்டார்கள். 1907ல் மான்செஸ்டரில் ஒரு யூனியன் ஆரம்பித்தார்கள். 1912ல் கிங்கபி என்ற ஆட்டக்காரர் ஆஸ்டன் வில்லா மீது கேஸ் போட்டார். தோற்றார். வக்கீல் செலவில் யூனியனே திவாலாகிற நிலைமை. அதற்குப் பிறகு அந்த விதியை ஒரு நீதிபதி தவறு என்று சொல்ல 1963 ஆயிற்று. சம்பள உச்சவரம்பு போனது 1961ல். உங்கள் தாத்தாவுக்கு இரண்டுமே பிரயோஜனப்படவில்லை.

ஆனால் இந்த அநியாயத்தில் பேரனுக்கு ஒரு லாபம் இருக்கிறது. ஒருவரைச் சொத்தாக நினைத்தால் அவரைப் பதிவு செய்தாக வேண்டும். எந்தத் தேதியில் யார் யாரிடம் சேர்ந்தார், எப்போது கைமாறினார் என்று லீக் பதிவேடு வைத்துக்கொண்டது. அந்த அடிப்படையிலும் மேட்ச் ரிப்போர்ட்டுகளின் அடிப்படையிலும் பிற்காலத்தில் சில பொறுமைசாலிகள் உட்கார்ந்து புத்தகம் போட்டார்கள். 1888லிருந்து 1939 வரை லீக்கில் ஒரே ஒரு மேட்ச் ஆடியிருந்தாலும் போதும், தாத்தா அதில் இருப்பார். பெயர், பிறந்த ஊர், கிளப், எத்தனை ஆட்டம், எத்தனை கோல். ஒற்றை வரி.

அந்த வரியை வைத்துக்கொண்டு அடுத்து போக வேண்டிய இடம் பழைய பத்திரிகைகள்.

அந்தக் கால இங்கிலாந்தில் சனிக்கிழமை சாயங்காலம் என்பது ஒரு திருவிழா. மூன்று மணிக்கு மேட்ச். ஆட்டம் நடக்க நடக்க ரிப்போர்ட்டர் டெலிபோனில் சொல்லச் சொல்ல, அச்சுக்கூடத்தில் கோத்துக்கொண்டே இருப்பார்கள். மேட்ச் முடிந்து ஜனங்கள் வீடு திரும்பிச் சாப்பிட்டுக் கையலம்புவதற்குள் பத்திரிகை தெருவில் விற்கும். ஷெஃபீல்டில் பச்சைத் தாளில் வரும், அதனால் அதற்குப் பெயரே ‘கிரீன் அன்’. முதல் பாதி ஆட்டம் பக்கம் பக்கமாக இருக்கும். இரண்டாம் பாதி நாலு வரியில் முடிந்துவிடும். அவசரம். தாத்தா இரண்டாம் பாதியில் கோல் போட்டிருந்தால் அவர் தலையெழுத்து.

இந்தப் பத்திரிகைகளில் ஏராளமானவை 2011க்குப் பிறகு இணையத்தில் கிடைக்கின்றன. பெயரைத் தட்டினால் வருகிறது. ஆனால் ஜாக்கிரதை. இனிஷியல் போட மாட்டார்கள், வெறும் குடும்பப் பெயர்தான். ஒரே ஊரில் இரண்டு ஸ்மித் ஆடியிருந்தால் எவர் உங்களவர்? போட்டோவும் கைகொடுக்காது. சட்டையில் நம்பர் போட வேண்டும் என்று லீக் கட்டாயமாக்கியதே 1939ல்தான். அதற்கு முன்னால் எல்லோரும் ஒரே மாதிரி பனியனில் ஒரே மாதிரி சேற்றில் நிற்பார்கள். இதற்கு ஒரே ஆறுதல் சிகரெட் பாக்கெட். ஓக்டன்ஸ், சர்ச்மேன், பிளேயர்ஸ் கம்பெனிக்காரர்கள் பாக்கெட்டுக்குள் ஒரு சின்ன அட்டை வைப்பார்கள். முன்பக்கம் ஆட்டக்காரர் படம், பின்பக்கம் நாலு வரி ஜாதகம். பிறந்த ஊர், உயரம், எடை. அம்பது அட்டை சேர்ந்தால் ஒரு செட். அப்பன் ஊதித் தள்ள, பிள்ளைகள் சேர்த்தார்கள். தாத்தா அட்டையில் ஏறியவர் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான்.

பத்திரிகை என்ன செய்யும் என்பதற்கு ஒரு ஆளைச் சொல்கிறேன். இவர் முதல் உலகப் போருக்கும் முந்தைய தலைமுறை.

ஆர்தர் வார்ட்டன். 1865ல் ஆப்பிரிக்காவில், இன்றைய கானாவின் அக்ராவில் பிறந்தவர். அப்பா கிரெனடாவிலிருந்து வந்த மெதடிஸ்ட் பாதிரியார், அம்மா ஃபான்டே அரச வம்சம். படிப்பதற்காக இங்கிலாந்து வந்த பையன் படிப்பைத் தவிர எல்லாவற்றையும் செய்தார். 1886ல் லண்டன் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் மைதானத்தில் நடந்த தேசியப் போட்டியில் 100 கஜத்தை 10 விநாடியில் ஓடினார். டார்லிங்டனுக்கும் பிறகு பிரஸ்டன் நார்த் எண்டுக்கும் கோல்கீப்பர். 1889ல் ராதர்ஹாம் டவுனில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். உலகின் முதல் கறுப்பின புரொஃபஷனல் கால்பந்து வீரர் என்று இன்றைக்கு அவரைத்தான் சொல்கிறார்கள். 1895ல் ஷெஃபீல்டு யுனைடெட்டுக்காக முதல் டிவிஷனிலும் ஆடினார்.

கோல்கீப்பர் என்றாலும் கம்பத்தில் தொங்குகிற ஆசாமி. குறுக்குக் கம்பத்தைப் பிடித்துத் தொங்கியபடி பந்தைக் காலிடுக்கில் பிடிக்க, ஓடி வந்த மூன்று பேர் தடுமாறி வலைக்குள் விழுந்தார்களாம். இது எப்படித் தெரியும்? பார்த்த ஒருவர் ஷெஃபீல்டு பத்திரிகைக்கு வாசகர் கடிதம் எழுதினார். எப்போது? 1942ல்! அரை நூற்றாண்டு கழித்து, ஹிட்லர் குண்டு போட்டுக்கொண்டிருக்கும்போது, ஒரு மனிதர் பேனாவை எடுத்து இதை எழுதியிருக்கிறார். அதே பத்திரிகை உலகம்தான் வார்ட்டன் ஆடிய காலத்தில் அவர் தோல் நிறத்தையே பட்டப்பெயராக வைத்து, மூளை இருக்கிறதா என்று கிண்டல் செய்தது. இரண்டும் அச்சில் இருக்கிறது. பேரன் இரண்டையும் படித்துத்தான் ஆக வேண்டும்.

1902ல் ஸ்டாக்போர்ட் கவுண்ட்டியோடு ஆட்டம் முடிந்தது. பென்ஷன்? பி.எஃப்.? கிராஜுவிட்டி? ம்ஹூம். யார்க்ஷயரில் எட்லிங்டன் நிலக்கரிச் சுரங்கத்தில் வண்டி இழுக்கும் பிரிவில் கூலியாக வேலை பார்த்தார். 1930 டிசம்பரில் இறந்தபோது ஏழைகளுக்கான குழியில் புதைத்தார்கள். கல் கிடையாது. பெயர் கிடையாது. ஷெஃபீல்டில் நிறவெறியை எதிர்த்து வேலை செய்த ஓர் அமைப்பு பணம் திரட்டி அங்கே கல் நட்டது 1997ல். அறுபத்தேழு வருஷம் கழித்து.

உச்சவரம்பு, போனஸ், கைமாற்றம் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தவர்கள் ஆட்டக்காரர் கிளப் வாசலைத் தாண்டியதும் பேனாவை மூடிவிட்டார்கள். மெஷினுக்காவது தேய்மானம் போடுவார்கள். முழங்காலுக்கு?

சரி, கிளப் எழுதவில்லை, அரசாங்கம் எழுதியிருக்குமே என்று கேட்பீர்கள். வெள்ளைக்காரன் காகிதப் பிரியனாச்சே.

இங்கேதான் நெருப்பு வருகிறது. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

முதல் உலகப் போரில் கால்பந்து ஆட்டக்காரர்களுக்கென்றே ஒரு பட்டாலியன் இருந்தது, 1914 டிசம்பரில் லண்டனில் ஆரம்பித்தது. தாத்தா அதிலோ வேறெதிலோ சிப்பாயாக இருந்திருந்தால் அவருடைய ராணுவக் கோப்பு இருக்க வேண்டும். ஆனால் 1940 செப்டம்பரில் ஜெர்மானியர்கள் போட்ட குண்டில் அந்தக் கோப்புகளில் சுமார் 60 சதவிகிதம் கருகிப்போயின. அடுத்தது மக்கள்தொகைக் கணக்கு. 1921 கணக்கெடுப்பு இருக்கிறது, நூறு வருஷம் காத்திருந்து 2022ல்தான் திறந்துவிட்டார்கள். 1931? தாத்தா ஓடியாடிக்கொண்டிருந்த வருஷம். வீடு வீடாகப் போய் எடுத்த அந்த இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கு முழுவதும் 1942 டிசம்பரில் ஹேய்ஸ் என்ற இடத்தில் ஒரு கிடங்கில் தீப்பிடித்துச் சாம்பலாயிற்று. அதில் ஹிட்லருக்குப் பங்கு இல்லை, சாதாரணத் தீ விபத்து. 1941ல் போர், கணக்கே எடுக்கவில்லை.

ஆக 1921க்கும் 1951க்கும் நடுவில் முப்பது வருஷம் இருட்டு. நடுவில் ஒரே ஒரு விளக்கு. 1939 செப்டம்பர் 29ஆம் தேதி, அடையாள அட்டை கொடுப்பதற்காக அரசாங்கம் நாட்டு மக்களை எல்லாம் அவசரமாக எண்ணியது. பெயர், பிறந்த தேதி, தொழில். இந்தப் பதிவேடு 2015லிருந்து பொதுமக்கள் பார்வைக்குக் கிடைக்கிறது.

தொழில் என்ற கட்டத்தில் தாத்தா என்ன சொல்லியிருப்பார்?

அந்த மாதத் தேதிகளைப் பாருங்கள். 1939-40 சீசன் ஆரம்பித்தது ஆகஸ்ட் 26 சனிக்கிழமை. செப்டம்பர் 1, ஹிட்லர் போலந்துக்குள் நுழைந்தாயிற்று. செப்டம்பர் 2, சனிக்கிழமை, வழக்கம்போல மேட்ச். லண்டனில் ஆர்சனலுக்காக டெட் டிரேக் சந்தர்லாந்துக்கு எதிராக நாலு கோல் போட்டார். மறுநாள் காலை பதினொன்றே காலுக்கு ரேடியோவில் பிரதமர் சேம்பர்லைன். போர். அதே வாரத்தில் லீக் நிறுத்தப்பட்டது. ஆட்டக்காரர்களின் சம்பள ஒப்பந்தங்களும் அத்தோடு போச்சு. கணக்கெடுக்க ஆள் கதவைத் தட்டியபோது தாத்தாவுக்கு வேலை போய் மூன்று வாரம் ஆகியிருந்தது.

அதைவிட இன்னொன்று செய்தார்கள். நடந்து முடிந்த அந்த மூன்று சுற்று ஆட்டங்களையும் கணக்கிலிருந்து நீக்கினார்கள். மூன்றிலும் ஜெயித்து உச்சியில் இருந்தது பிளாக்பூல். அந்தப் பட்டியல் செல்லாது. டிரேக்கின் நாலு கோல் செல்லாது. டிரேக்குக்கு நஷ்டமில்லை, அவர் பெரிய ஆள், 1935ல் ஒரே மேட்சில் ஏழு கோல் போட்டவர். ஆனால் பத்தொன்பது வயசில், ரிசர்வ் டீமில் இரண்டு வருஷம் காத்திருந்து, அந்தச் செப்டம்பர் 2ஆம் தேதிதான் முதல் முறையாக மைதானத்தில் இறங்கிய பையனை யோசித்துப் பாருங்கள். அதற்குப் பிறகு அவன் ஆடாமலே போயிருந்தால், நான் மேலே சொன்ன தடிப் புத்தகத்தில் அவன் கிடையாது. ஐம்பதாயிரம் பேர் பார்த்திருந்தாலும் கிடையாது. ‘தாத்தா லீக்ல ஆடினார்’ என்று வீட்டில் சொல்லி வந்ததைப் பேரன் சரிபார்க்கப் போனால், பொய் என்றுதான் பதில் வரும். அன்றைய சாயங்காலப் பத்திரிகையைத் தேடிப் பிடித்தால் ஒழிய.

போரின்போதும் ஆட்டம் நடந்தது. வட்டார அளவில், மேட்ச் ஒன்றுக்கு 30 ஷில்லிங் கூலிக்கு. எந்த ஊர் முகாமில் இருக்கிறாயோ அந்த ஊர் டீமில் ஆடிக்கொள்ளலாம். ராணுவ முகாம் இருந்த ஆல்டர்ஷாட், மூன்றாம் டிவிஷன் சாதாரண கிளப், இங்கிலாந்தின் சர்வதேச ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு ராஜாங்கம் நடத்தியது. இவையும் அதிகாரபூர்வமான லீக் கணக்கில் சேராது. ஏழு சீசன்கள் இப்படிப் போயின. 24 வயசில் விட்டவருக்குத் திரும்பி வரும்போது 31.

போல்ட்டன் வாண்டரர்ஸ் கதையோடு முடித்துக்கொள்கிறேன். லங்காஷயர் என்று சொன்னேனே, அங்கேதான்.

1939 ஏப்ரல் 8. பர்ண்டன் பார்க் மைதானம். சந்தர்லாந்தோடு மேட்ச் ஆரம்பிக்கும் முன் போல்ட்டன் கேப்டன் ஹாரி காஸ்லின் மைக்கைப் பிடித்தார். கூடியிருந்த ஜனங்களிடம், ஆபத்து வருகிறது, பிராந்தியப் படையில் சேருங்கள் என்றார். ஊருக்கு உபதேசம் செய்துவிட்டுப் போகவில்லை. மேட்ச் முடிந்ததும் சகாக்களோடு ராணுவப் பயிற்சிக் கூடத்துக்குப் போய்ப் பெயர் கொடுத்தார். அந்தக் கிளப்பின் புரொஃபஷனல்கள் 35 பேரில் 32 பேர் போர்ச் சேவையில் சேர்ந்தார்கள். பதினேழு பேர் ஒரே பீரங்கிப் படைப்பிரிவில், 53வது ஃபீல்டு ரெஜிமென்ட்டில். டன்கர்க், பிறகு வட ஆப்பிரிக்கா, பிறகு இத்தாலி.

1943 டிசம்பரில் இத்தாலியில் காஸ்லின் குண்டுச்சில் பட்டு இறந்தார். முந்நூறுக்கு மேல் லீக் மேட்ச் ஆடியவர். இங்கிலாந்து அணிக்கும் ஆடினார், ஆனால் போர்க்காலத்தில். அதனால் இங்கிலாந்து ஆட்டக்காரர்களின் அதிகாரபூர்வமான பட்டியலில் அவர் பெயர் இல்லை.

பலர் திரும்பி வந்தார்கள். கோல்கீப்பர் ஸ்டான் ஹேன்சன் 1953ல் 37 வயசில் கோப்பை இறுதி ஆட்டத்தில் நின்றார். அவரோடு அன்றைக்கு ஆடிய நாட் லாஃப்ட்ஹவுஸ் போல்ட்டனில் கையெழுத்துப் போட்டது 1939 செப்டம்பர் 4. போர் அறிவித்த மறுநாள். அப்போது அவருக்கு 14 வயசு.

லீக் மறுபடி ஆரம்பித்தது 1946 ஆகஸ்ட் 31. புதிதாக அட்டவணை போட யாரும் மெனக்கெடவில்லை. 1939-40க்கு என்று போட்டு, மூன்றே சுற்றில் கைவிட்ட பழைய அட்டவணையை அப்படியே எடுத்துத் தூசி தட்டினார்கள். அன்றைக்கு எந்த ஊரோடு எந்த ஊரோ, அதேதான்.

பேரன் தேட வேண்டியது அந்த இரண்டு சனிக்கிழமைப் பத்திரிகைகளை. இரண்டிலும் அதே இரண்டு டீம். பதினோரு பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.